சட்டையில் எழுதப்பட்ட வட்டி: நியூகாசில் கால்பந்து ஆதரவாளரின் எதிர்ப்பும் திருச்சபை கற்ற பாடமும்

திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கையில், வட்டியைப் பற்றிய பகுதியை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். கி.பி. 325இல் கூடிய நிசேயா பேரவை, வட்டி வாங்கும் குருமாரைப் பதவியினின்று நீக்க விதித்தது. 1179இல் மூன்றாம் லாத்தரன் பேரவை, வெளிப்படையாக வட்டித்தொழில் செய்வோர்க்குக் கிறிஸ்தவ அடக்கம் இல்லை என்றது. கால்வின், ஏழையிடம் வாங்கலாகாது என்பது போன்ற நிபந்தனைகளோடு வட்டிக்கு இடமளித்தார். இவ்வளவும் சொல்லி முடித்ததும், மாணாக்கர் குறிப்பேட்டை மூடிவிடுவர். இது முடிந்துபோன வழக்கு என்பது அவர்தம் எண்ணம். ஆயினும் நம் காலத்திலேயே, ஆலயத்திற்கு வெளியே, ஒரு கால்பந்து மைதானத்தில் இவ்வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. எடுத்தவர் குருமாரும் அல்லர், இறையியலாரும் அல்லர். சீட்டு வாங்கி ஆட்டம் பார்க்கும் பொதுமக்கள். அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. நகரமும் கழகமும்

இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் அமைந்தது நியூகாசில் நகரம். நிலக்கரியும் கப்பல் கட்டும் தொழிலும் அதனை வளர்த்தன. அவை நலிந்தபோது நகரமும் நலிந்தது. இந்நகரின் நியூகாசில் யுனைடெட் கழகம் 1892 முதல் அப்பெயரைத் தாங்கி, செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்னும் மைதானத்தில் ஆடிவருகிறது. இங்கிலாந்துக் கழகங்களுள் சில திருச்சபையின் மடியிலேயே பிறந்தவை. ஆஸ்டன் வில்லா வெஸ்லியன் சிற்றாலயம் ஒன்றின் வாலிபரால் 1874இல் தொடங்கப்பட்டது. எவர்ட்டன் 1878இல் ஒரு மெத்தடிஸ்ட் ஆலயத்தினின்று தோன்றியது. நியூகாசில் அவ்வாறு பிறந்ததன்று. கிரிக்கெட் ஆடிய தொழிலாளர் குழுவொன்றிலிருந்து கிளைத்தது. எனினும் அந்நகரத்தார்க்கு அக்கழகம் வெறும் கேளிக்கையன்று. தந்தையின் கைபிடித்து மைதானத்திற்குச் சென்ற மகன், தன் மகனை அழைத்துச் செல்கிறான். கறுப்பும் வெள்ளையுமாகிய அக்கோட்டுச் சட்டை அவர்களுக்குக் குடும்ப அடையாளம் போன்றது.

அச்சட்டையின் மார்பில் வணிகப் பெயர் ஏறியது அண்மைக்கால வழக்கமே. 1976இல் கெட்டரிங் டவுன் என்னும் சிறு கழகம் ஒரு டயர் நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் பொறித்தபோது, கால்பந்துச் சங்கம் அதனை அகற்றப் பணித்தது. அடுத்த ஆண்டே அத்தடை தளர்ந்தது. 1979இல் லிவர்பூல் கழகம் ஹிட்டாச்சி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. நியூகாசில் சட்டையிலோ ஒரு காலத்தில் உள்ளூர் மதுபானமாகிய பிரவுன் ஏல் இடம்பெற்றது. பின்னர், 2007இல் மக்கள் பதறிச் சேமிப்பை மீட்க வரிசையில் நின்ற நார்தர்ன் ராக் வங்கி இடம்பெற்றது. மதுவின் பெயருக்குப் பெரும் எதிர்ப்பு எழவில்லை. இன்றும் அதனைப் பாசத்தோடு நினைவுகூர்வோர் உளர். ஆதரவாளரின் மனச்சான்று எல்லாவற்றிலும் சமமாக விழித்திருந்தது என்று நாம் கூறத் துணியோம். அதற்கு உரிமைகோரும் தகுதி நம் சபைகளுக்கும் இல்லை.

2. வரம்பு நீங்கிய வட்டி

இங்கிலாந்தில் வட்டிச் சட்டம் நடந்த பாதையையும் அறிதல் வேண்டும். எட்டாம் ஹென்றியின் 1545ஆம் ஆண்டுச் சட்டம் 10 விழுக்காடு வரை வட்டிக்கு இடமளித்தது. 1552இல் வட்டி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. 1571இல் பழைய சட்டம் மீண்டது. 1714இல் உச்சவரம்பு 5 விழுக்காடாகக் குறைந்தது. 1854இல், தடையற்ற வாணிபக் கொள்கை ஓங்கிய காலத்தில், வட்டிச் சட்டங்கள் யாவும் நீக்கப்பட்டன. கொடுமை பெருகவே, 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 48 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வட்டியை மிகையெனக் கருதுமாறு நீதிமன்றங்களைப் பணித்தது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தால் அவ்வளவுகோலும் மறைந்தது.

அவ்வெற்றிடத்தில் முளைத்தனவே சம்பள நாள் கடன் நிறுவனங்கள். வோங்கா 2006இல் நிறுவப்பட்டது. ‘வோங்கா’ என்பது பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல். நிலக்கரியைக் குறிக்கும் ரோமானி மொழிச் சொல்லினின்று வந்ததென்பர். கணினி வழியே சில நிமிடங்களில் கடன் கிடைக்கும், பிணையம் வேண்டா. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வட்டியும் கட்டணமும் சேர, 100 பவுன் வாங்கியவர் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 137 பவுன் திருப்பவேண்டியிருந்தது. ஆண்டுக் கணக்கில் அந்நிறுவனமே விளம்பரத்தில் காட்டிய விகிதம் 2012இல் 4,214 விழுக்காடு. சில நாள் கடனுக்கு ஆண்டு விகிதம் பொருந்தாது என்பது நிறுவனத்தின் வாதம். குறித்த நாளில் அடைத்துவிடுவோர்க்கு அவ்வாதம் ஓரளவு செல்லும். அடைக்க இயலாமல் கடனைப் புதுப்பித்துக்கொண்டே சென்றவர்க்கு அது செல்லாது. நம் நாட்டார் இதற்கு வைத்திருக்கும் பெயர் கந்துவட்டி.

3. 2012ஆம் ஆண்டின் எதிர்ப்பு

2012 அக்டோபரில் நியூகாசில் கழகம் வோங்காவுடன் நான்காண்டு ஒப்பந்தத்தை அறிவித்தது. தொகை ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் பவுன் எனச் செய்தித்தாள்கள் எழுதின. உரிமையாளர் மைக் ஆஷ்லி அதற்கு முந்தைய ஆண்டு மைதானத்தின் பெயரையே தம் கடை நிறுவனத்தின் பெயராக மாற்றியிருந்தார்; அது மக்களைப் பெரிதும் புண்படுத்தியிருந்தது. வோங்கா அப்பெயருரிமையை வாங்கி, செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்னும் பழம்பெயரைத் திருப்பியளித்தது. இங்கேதான் சோதனையின் நுட்பம் உள்ளது. மக்கள் இழந்து வருந்திய ஒன்றை அவர்களுக்கே பரிசாகக் கொடுத்து, அதன் மறுபக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டது கடன் நிறுவனம். ஆதரவாளரில் ஒரு சாரார் இதனை வரவேற்றனர் என்பதையும் மறைத்தலாகாது.

மறுசாரார் பரிசால் மயங்கவில்லை. நகர மன்றத் தலைவர் நிக் ஃபோர்ப்ஸ் தம் அருவருப்பை வெளிப்படையாகத் தெரிவித்தார். கடனில் மூழ்கிய குடும்பங்களைக் கரையேற்ற நகர மன்றம் உழைத்துவருகையில், நகரின் பெருமைக்குரிய சட்டையே கடனுக்கு அழைப்பு விடுப்பதா என்பதே எதிர்த்தோரின் வாதம். நாடாளுமன்ற உறுப்பினர் சிலரும் எதிர்த்தனர். ஆதரவாளர் பலர் அச்சட்டையை வாங்குவதில்லை எனத் தீர்மானித்தனர். பிள்ளைகள் அணியும் சட்டையிலும் கடன்காரன் பெயரா என்று பெற்றோர் கேட்டனர்.

ஒப்பந்தம் நிலைத்தது. மைதானமும் நிறைந்தே இருந்தது. ஆயினும் 2013இல் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள போல்ட்டன் வாண்டரர்ஸ் கழகம் குவிக்குவிட் என்னும் மற்றொரு கடன் நிறுவனத்தைப் புரவலராக அறிவித்தபோது, ஆதரவாளரின் எதிர்ப்பு வலுக்கவே, கழகம் பின்வாங்கியது. ஓரிடத்தில் தோற்ற குரல் மற்றோரிடத்தில் கேட்கப்பட்டது.

4. ஆட்டக்காரரின் மனச்சான்று

2013-14 பருவத்திற்குப் புதிய சட்டை வந்தபோது, செனகல் நாட்டு ஆட்டக்காரர் பாப்பிஸ் சிசே அதனை அணிய மறுத்தார். அவர் இசுலாமியர், வட்டி இசுலாத்தில் விலக்கப்பட்டது. அணியினரோடு போர்ச்சுகல் பயணத்திற்கு அவர் செல்லவில்லை. முன்பு வங்கியின் பெயர் தாங்கிய சட்டையை அணிந்தவர் இதனை மட்டும் மறுப்பதேன் என்று பலர் வினவினர். பேச்சுவார்த்தைக்குப்பின், ஜூலை இறுதியில், அவர் இணங்கினார்.

இணங்கியதைக் காட்டி அவரை எள்ளி நகையாடுதல் எளிது. வாழ்வாதாரத்திற்கும் விசுவாசத்திற்கும் இடையே நின்ற மனிதரை, எத்தகைய இழப்பும் நேராத நாம் நியாயந்தீர்க்கலாகாது. ஒரு மாத காலமேனும் அவர் கேட்ட கேள்வி நாடெங்கும் பேசப்பட்டது. யாத்திராகமமும் லேவியராகமமும் ஏழையிடம் வட்டி வாங்கலாகாது எனக் கற்பிக்க, அவற்றை வாசிக்கும் மக்கள் மலிந்த நாட்டில், அக்கேள்வியைச் சட்டையோடு இணைத்துக் கேட்டவர் ஓர் அயல்நாட்டு இசுலாமியர் என்பதை நாம் நினைவில் இருத்துதல் நலம்.

5. பேராயரும் நிதிக் கணக்கும்

அதே 2013 ஜூலையில்தான் அப்போதைய கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி வோங்காவைப் பற்றிப் பேசினார். அவர் அதற்குமுன் நியூகாசிலுக்கு அண்மையிலுள்ள டர்ஹாமில் ஆயராகப் பணியாற்றியவர். அவ்வட்டார வறுமையை அறிந்தவர். எண்ணெய்த் தொழிலில் இருந்ததால் நிதித்துறையையும் அறிந்தவர். சட்டத்தால் உம்மை ஒழிப்பது எம் நோக்கமன்று, கூட்டுறவுக் கடன் சங்கங்களை வளர்த்துப் போட்டியால் வெல்வதே எம் நோக்கம் என்னும் கருத்தை அந்நிறுவனத் தலைவரிடமே கூறியதாக அவர் தெரிவித்தார். நாடெங்கும் பாராட்டு எழுந்தது.

பாராட்டு ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் பணமே, ஒரு முதலீட்டு நிதியின் வழியாக, வோங்காவில் இருந்தது என்பதைப் பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. தொகை சுமார் 75,000 பவுன். திருச்சபையின் பெருநிதியில் அது சிறு துளி. நெறிமுறைக் கொள்கை எழுத்தில் இருந்தும், இடைநிலை நிதியின் உள்ளே இருந்ததை எவரும் நோக்கவில்லை. பேராயர் வெட்கத்தை ஒப்புக்கொண்டார். ஆயினும் தம் முயற்சியைக் கைவிடவில்லை. 2014இல் அப்பங்கு விற்கப்பட்டது. 2015இல் சபைகளின் கடன் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை வாசிக்கும்போது நெகேமியா 5ஆம் அதிகாரம் நம் கண்முன் வருகிறது. வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகுவைத்த எளியோரின் கூக்குரலைக் கேட்ட நெகேமியா, பெரியோரைக் கண்டிக்கிறார். ஆனால் அதே மூச்சில், தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்பதை மறைக்காமல் கூறுகிறார். அதற்குப் பின்னரே இத்தீமையை விட்டுவிடுவோம் எனத் தம்மையும் உட்படுத்தி அழைக்கிறார். அங்குக் கண்டிக்கப்படும் ‘நூற்றில் ஒன்று’ மாத வட்டி என்பது உரையாசிரியர் பலரின் கருத்து. வோங்காவின் நூற்றில் ஒன்றோ நாள் வட்டி. நெகேமியா தம் கணக்கைத் தாமே வெளிப்படுத்தினார். நம் காலத்துத் திருச்சபையின் கணக்கை நாளிதழ் வெளிப்படுத்தவேண்டியதாயிற்று.

6. பின்னர் நிகழ்ந்தவை

2014இல், இல்லாத வழக்கறிஞர் நிறுவனங்களின் பெயரால் கடனாளிகளுக்கு வோங்கா மிரட்டல் கடிதம் அனுப்பியிருந்தமை ஒழுங்குமுறை ஆணையத்தால் வெளியாயிற்று. ஏறத்தாழ 45,000 பேருக்கு 26 லட்சம் பவுன் இழப்பீடு வழங்க நேர்ந்தது. அதே ஆண்டில், தகுதி ஆராயாமல் கொடுத்த 22 கோடி பவுன் கடன், 3,30,000 பேருக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. பிள்ளைகளின் சட்டையினின்று தன் பெயரை நீக்குவதாகவும் நிறுவனம் அறிவித்தது. 2015 ஜனவரி முதல் நாளுக்கு 0.8 விழுக்காடு என்னும் வரம்பும், வட்டியும் கட்டணமும் சேர்ந்து வாங்கிய தொகையை மிஞ்சலாகாது என்னும் வரம்பும் சட்டமாயின. 2018 ஆகஸ்டில் வோங்கா வீழ்ந்தது. இழப்பீடு கோரிய முன்னாள் கடனாளிகளுக்கு 2020இல் கிடைத்தது, உரிய தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே.

வீழ்ச்சிக்குக் காரணம் ஆதரவாளரின் எதிர்ப்பே என்று கூறுதல் மிகையாகும். சட்டவரம்பும் இழப்பீட்டுச் சுமையுமே அதனை வீழ்த்தின. ஆனால் சட்டம் பிறக்குமுன் வெட்கம் பிறக்கவேண்டும். வழக்கமான வியாபாரம் என்று எல்லாரும் எண்ணியிருந்ததை வெட்கத்திற்குரியது என்று உரைத்தவர்களுள் அவ்வாதரவாளரும் இருந்தனர்.

கதை நற்செய்தியோடு முடிந்ததென்றும் கூறமுடியவில்லை. 2017இல் வோங்காவின் இடத்தில் ஒரு சூதாட்ட நிறுவனம் அமர்ந்தது. 2021இல் சவுதி அரசின் முதலீட்டு நிதி தலைமையிலான குழு கழகத்தை வாங்கியபோது, ஆயிரக்கணக்கானோர் வீதியில் ஆடிப்பாடினர். அவ்வரசின் மனித உரிமைக் குற்றங்களைச் சுட்டிய ஆதரவாளர் சிறுபான்மையராயினர். 2023இல் ஒரு சவுதி நிறுவனத்தின் பெயர் மார்பில் ஏறியது. அதே ஆண்டில் பிரீமியர் லீக் கழகங்கள், 2025-26 பருவத்தின் முடிவுக்குள் சூதாட்ட நிறுவனங்களின் பெயரை ஆட்டச் சட்டையின் முன்புறத்திலிருந்து அகற்ற இணங்கின. ஒரு வாயில் அடைபடும்போது மற்றொன்று திறக்கப்படுகிறது. ஆதலின் விழிப்பு ஒரு தலைமுறையோடு முடியும் கடமையன்று.

7. நமக்கு உரியது

இவ்வரலாற்றில் எவரும் முற்றிலும் கறையற்றவர் அல்லர். மதுவின் பெயரைப் பொறுத்தவர் வட்டியை எதிர்த்தனர், மறுத்தவர் இணங்கினார், கண்டித்த திருச்சபையின் பையிலேயே அப்பணம் இருந்தது. ஆயினும் கறையுண்டு என்பதற்காக வாய்மூடியிருந்தால், கடனாளிக்காகப் பேச எவருமே எஞ்சியிரார். முழுத் தூய்மை வரும்வரை காத்திருப்பது பணிவுபோல் தோன்றலாம். எளியோர்க்கு அதனால் விடிவில்லை. நெகேமியாவின் வழி இவ்விரண்டிற்கும் நடுவே செல்கிறது: தன் கணக்கைத் திறந்து வைத்தல், பின் பேசுதல், பேசியபின் திருப்பிக் கொடுத்தல்.

நம் ஆலயச் சுவரிலும், அசனப் பந்தலிலும், கன்வென்ஷன் மேடையிலும், சுவரில் மாட்டிய குழல்விளக்கிலும் உபயகாரர் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றையேனும், இது யாருடைய கண்ணீரிலிருந்து வந்த பணம் என்று நாம் வினவியதுண்டா? சபை நிதியின் வைப்புத்தொகை எங்கே உறங்குகிறது என்பதைப் போதகரும் கமிட்டியாரும் அறிவரா? மைதானத்துக்கு வந்த எளிய மனிதர் தம் சட்டையை நோக்கி இக்கேள்வியைக் கேட்டனர். அங்கியணிந்து பலிபீடத்தண்டை நிற்கும் நாம், அதே கேள்வியை நம் கணக்குப் புத்தகத்தை நோக்கிக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.