சாவாமையின் விலை: ஔவையார் மூப்படைந்த வரலாறு

இறந்துபோன கவிஞரைச் சாவற்றவராக்கி, அவரைச் சுற்றி ஒரு காதல் கதையை எழுப்புவது ஆங்கில வெகுமக்கள் புனைவில் வேரூன்றிய வழக்கம். 1819இல் வெளியான 'தி வாம்பயர்' என்னும் கதையை எழுதிய ஜான் பாலிடோரி, கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்தவர். அக்கதையின் இரத்தக் காட்டேரியான ரூத்வென் பிரபுவிடம் பைரனின் சாயலை அன்றைய வாசகர்களே கண்டுகொண்டனர். 1995இல் டாம் ஹாலண்டின் நாவல் பைரனையே காட்டேரியாக்கியது. 2009இல் மைக்கேல் தாமஸ் ஃபோர்ட் ஜேன் ஆஸ்டினையும் அவ்வாறே ஆக்கி, ஒரு புத்தகக் கடையின் உரிமையாளராக இன்றைய அமெரிக்காவில் உலவவிட்டார். இத்தகைய கதைகளில் சாவாமையோடு மூவாமையும் சேர்ந்தே வருகிறது. படைப்பாளி இறப்பதில்லை, முதுமை அடைவதில்லை, அவருக்குக் காதலும் ஓய்வதில்லை.

தமிழ் மரபு இதே கற்பனையை மிக முன்பே ஒரு பெண் கவிஞர் மீது ஏற்றியது. ஆனால் அது வகுத்த நிபந்தனை வேறு. ஔவையாருக்குச் சாவாமை தரப்பட்டது, மூவாமை தரப்படவில்லை. காதலோ அவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

தகடூர் அதியமானின் அவையில் பாடிய ஔவையார், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காலத்திலும் வாழ்கிறார். விநாயகர் அவரைத் துதிக்கையால் தூக்கி, அவ்விருவருக்கும் முன்னரே கயிலையில் சேர்க்கிறார். பின்னர் கம்பர், ஒட்டக்கூத்தர் காலத்துக் கதைகளிலும் அவர் தோன்றுகிறார். இடைவெளி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. இதனாலேயே ஔவை என்னும் பெயரில் பலர் இருந்தனர் என்று ஆய்வாளர்கள் பிரித்தறிந்தனர். மரபு அவ்வாறு பிரிக்கவில்லை. அதியமான் அளித்த நெல்லிக்கனியை உண்டதால் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார் என்றது. காலமுரண் முழுவதையும் ஒற்றைக் கனி தீர்த்துவைத்தது.

கனி தீர்த்ததை மொழி தீர்க்க விடுவதில்லை. சங்க ஔவையார் பாடியவை ஆசிரியப்பாக்கள்; மூதுரையும் நல்வழியும் வெண்பாக்களால் ஆனவை. குறுந்தொகை 28ஆம் பாடலின் தலைவி தன்னை 'யான்' என்கிறாள். நல்வழியின் காப்புச் செய்யுளோ 'நான்' என்கிறது. சங்கத் தொகைகளுள் பிற்பட்டதாகக் கருதப்படும் பரிபாடலில்தான் 'நான்' முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. விநாயகர் அகவலில் மூலாதாரம், குண்டலி, இடை, பிங்கலை முதலிய யோகநெறிச் சொற்கள் நிறைந்துள்ளன. சங்க ஔவையாரின் பாடல்களுக்கு அச்சொல்லுலகம் முற்றிலும் அயலானது. ஒருவர் எத்தனை நூற்றாண்டு வாழ்ந்தாலும் இவ்வளவு வேறுபட்ட மொழிநிலைகளில் பாடியிருத்தல் அரிது.

நெல்லிக்கனி பற்றிய செய்தி பிற்காலக் கட்டுக்கதை அன்று. புறநானூறு 91இலேயே அது உள்ளது. பெருமலைப் பிளவில் அரிதிற் பெற்ற கனியின் சிறப்பைத் தனக்குள் மறைத்து, புலவர் சாதல் நீங்குமாறு அதியமான் அதனைக் கொடுத்தான் என்கிறது பாடல். சிறுபாணாற்றுப்படையும் அக்கொடையைப் போற்றுகிறது. ஆயினும் புறநானூற்றுப் பாடலில் நிலைபேறு வேண்டப்படுவது புலவருக்கு அன்று. நஞ்சுண்டும் சாவாத நீலமணி மிடற்றனைப் போல நீ நிலைபெறுக என்று அரசனையே அவர் வாழ்த்துகிறார். அந்த வாழ்த்துப் பலிக்கவில்லை. அதியமான் மாண்டான், ஔவையார் கையறுநிலை பாடினார். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தெற்கே செல்லும் சாலையிலுள்ள தருமபுரியே அந்தத் தகடூர். 1981இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. புரவலனுக்கு வரலாறு வாய்த்தது. புலவருக்குப் புராணமே வாய்த்தது.

அப்புராணம் மறைத்த புலவர் எத்தகையவர்? சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் உள்ளவை 59 பாடல்கள். அவற்றுள் புறநானூற்றில் 33. எஞ்சிய 26 பாடல்கள் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகியவற்றில் அமைந்த அகப்பாடல்கள். ஊர் உறங்கும் இரவில் தன் துயரை எவரும் அறியவில்லையே என்று மோதிக்கொள்ளத் துடிக்கும் பெண்ணின் குரல் அவற்றுள் ஒன்று. புறநானூறு 235இல், கள் சிறிதளவே கிடைத்தால் அதனைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், நறுமணம் கமழும் கையால் தம் தலையைத் தடவிக் கொடுப்பான் என்றும் இறந்த அரசனை நினைந்து அவர் அரற்றுகிறார். புறநானூறு 89இல் பகையரசன் வினவுவது மைதீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உடைய விறலி ஒருத்தியை. அவ்விறலி ஔவையாரே என்று கொள்வோரும் உண்டு. கோலூன்றிய கிழவியை இப்பாடல்களிலிருந்து எவரும் வருவிக்க இயலாது.

முதுமைக்கு வழிசெய்ததில் பெயருக்கும் பங்குண்டு. கன்னடத்தில் 'அவ்வ' என்றால் தாய்; தெலுங்கில் 'அவ்வ' என்றால் பாட்டி. தமிழ் 'ஔவை'யும் தாயையும் மூத்த பெண்ணையும் குறிக்கும் சொல்லே. பெங்களூரில் கன்னடமும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கக் கேட்கும் தமிழ் மாணவருக்கு இவ்வுறவு எளிதில் புலப்படும். மதிப்புக்குரிய பெண்ணை உறவுப்பெயரால் சுட்டுவது இந்நிலப்பரப்பின் பொது வழக்கு. வசனம் பாடிய மகாதேவியைக் கன்னடம் 'அக்க' என்றே அழைக்கிறது. மரியாதைக்காக வைத்த பெயர், காலப்போக்கில் வயதைக் குறிப்பதாகப் பொருள்கொள்ளப்பட்டது எனலாம்.

பெயர் விட்ட இடைவெளியைக் கதை நிரப்பியது. திருமணத்தை விரும்பாத இளம்பெண் ஔவை, பிள்ளையாரை வேண்டித் தன் இளமையை உதறி மூப்பைப் பெறுகிறாள். காரைக்கால் அம்மையார் அழகைச் சுமந்த தசையை உதறிப் பேயுருவம் வேண்டுகிறார். ஆண்டாள் அரங்கனோடு கலக்கிறார். மூவரும் இறவாப் புகழ் பெற்றவர்கள். ஆனால் மனித ஆணோடு வாழும் மனிதப் பெண்ணின் வாழ்க்கை மூவருக்கும் மறுக்கப்பட்டுள்ளது. பைரனுக்கு விதிக்கப்படாத நிபந்தனை இது.

மூல நூல்கள் கிடைக்காமையே இக்கதைக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. உ.வே.சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வெளிவந்தது. குறுந்தொகையும் நற்றிணையும் 1915இல் அச்சேறின. 1953இல் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் எஸ்.எஸ்.வாசன் 'ஔவையார்' திரைப்படத்தைத் தந்தபோது, அகப்பாடல்கள் அச்சேறிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. படம் தேர்ந்தெடுத்ததோ பிள்ளையார் வரம் தந்த மூதாட்டியை. கணவர் கிட்டப்பாவை 1933இல் இழந்தபின் வெள்ளாடையிலேயே வாழ்ந்த கே.பி.சுந்தராம்பாள் அவ்வேடம் ஏற்றார். நடிகையின் துறவும் பாத்திரத்தின் துறவும் மக்கள் மனத்தில் ஒன்றாயின. 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் அவரே மீண்டும் ஔவையாக வந்தபோது வேறொரு முகத்தை எண்ணிப் பார்ப்பதும் கடினமாயிற்று.

அந்த மூதாட்டியை வெறும் இழப்பாகக் கருதுவதும் நியாயமாகாது. கணவன், பிள்ளை, வீடு என்னும் கட்டுகளின்றி ஊர் ஊராகத் தனித்து நடக்கவும், அரசனை நேர்நின்று கண்டிக்கவும், சிறுவர்க்கு முதற்பாடம் சொல்லவும் ஒரு பெண்ணுக்கு முதுமை உரிமை தந்தது. அவ்வுரிமையை இளமையோடு தர அன்றைய சமூகம் ஆயத்தமாக இல்லை என்பதே இக்கதை விட்டுச்சென்ற வரலாற்றுச் சான்று.

இன்று எவரேனும் ஔவையாரைச் சாவற்றவராக்கி ஒரு காதல் நாவல் எழுதினால், மரபை மீறியதாகக் கண்டனம் எழக்கூடும். அவர்களுக்கு விடையாகக் காட்டுவதற்கு அந்த 26 அகப்பாடல்கள் உள்ளன. பள்ளியில் ஆத்திசூடியோடு ஔவையாரை அறிமுகம் செய்துகொண்ட மாணவர், முதுகலை வகுப்பிலேனும் குறுந்தொகை 28இல் அவரை மீண்டும் சந்திக்க வேண்டும்.