பின்வாசல் அறைக்குக் கிடைத்த தலைமை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குத் தெற்கே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது அலெக்ஸாண்ட்ரியா. அந்த ஊர் மருத்துவமனையில் 1961க்கு முன்பும் எமர்ஜென்சி ரூம் என்று ஓர் அறை இருந்தது. கட்டில் இருந்தது, நர்ஸ் இருந்தார், தையல் போட ஊசியும் நூலும் இருந்தன. அந்த அறைக்கென்று ஒரு டாக்டர்தான் இல்லை.

அந்த ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. அன்றைய அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இதே கதைதான். அறை பெரும்பாலும் கட்டடத்தின் பின்பக்கத்திலோ கீழ்த்தளத்திலோ இருக்கும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் நர்ஸ் பார்ப்பார், பிறகு யாருக்காவது ஃபோன் போடுவார். பெரிய மருத்துவமனையென்றால் படிப்பு முடித்துச் சில மாதமே ஆன பயிற்சி டாக்டர் ஓடிவருவார். சின்ன ஊர் என்றால் எல்லா டாக்டர்களும் முறைவைத்து வரவேண்டும்: இன்றைக்குத் தோல் டாக்டர், நாளைக்குக் கண் டாக்டர், மறுநாள் மனநல மருத்துவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் பிழைப்பதும் போவதும் அன்றைக்கு யார் முறை என்பதைப் பொறுத்தது.

கூட்டமோ ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருகிற குடும்ப டாக்டர்கள் குறைந்து ஸ்பெஷலிஸ்டுகள் பெருகினார்கள். 1946இல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தது. மருத்துவக் காப்பீடு பரவியது. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. சாலைகள் நீண்டன, கார்களின் வேகம் கூடியது, விபத்தும் கூடியது. நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் ஊரில் திறந்திருக்கும் ஒரே கதவு இந்தப் பின்வாசல் கதவுதான்.

ஜேம்ஸ் மில்ஸ் அலெக்ஸாண்ட்ரியாவில் பொது மருத்துவர். மருத்துவமனை டாக்டர்கள் குழுவுக்குத் தலைவர். எமர்ஜென்சிக்கு ஆள் பிடிக்கும் தொல்லை அவர் தலையில் விழுந்தது. கெஞ்சிப் பார்த்தும் வேலைக்காகாத இடத்தில் அவர் வேறு விதமாக யோசித்தார்: நாமே போய் உட்கார்ந்துவிட்டால் என்ன? நன்றாக ஓடிக்கொண்டிருந்த சொந்த பிராக்டிஸை விட்டுவிட்டு, இன்னும் மூன்று டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு, 1961 ஜூன் கடைசியில் அந்த அறைக்குள் குடியேறினார்.

அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஆள் நான்கு. ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். ஐந்து நாள் வேலை, ஐந்து நாள் ஓய்வு. அதாவது எப்போதும் இரண்டு பேர் முறையில், இரண்டு பேர் வீட்டில். ஆண்டில் 365 நாளும், நாளில் 24 மணி நேரமும் அறையில் ஒரு டாக்டர் உண்டு. மருத்துவமனை அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. நோயாளிகள் தரும் கட்டணத்தில்தான் பிழைப்பு. இந்த ஏற்பாட்டை 1963இல் மில்ஸ் வர்ஜீனியா மாநில மருத்துவ இதழில் கட்டுரையாக எழுத, ‘அலெக்ஸாண்ட்ரியா திட்டம்’ என்ற பெயரோடு அது நாடெங்கும் பேசப்பட்டது.

டாக்டர் கிடைத்தார் என்பது இதில் பாதிச் செய்திதான். முறைவைத்து வருகிறவர் ஒரு ராத்திரி மட்டும் இருந்துவிட்டுப் போகிறவர். சக்‌ஷன் மெஷின் இழுக்கவில்லை, மருந்து அலமாரிச் சாவி யாரிடம் என்று தெரியவில்லை என்றால், விடிந்ததும் அது அவருக்குப் பழைய கதை. மில்ஸுக்கு அப்படி இல்லை. அதே சக்‌ஷன் மெஷினோடு மறுநாள் ராத்திரியும் மல்லுக்கட்டப் போகிறவர் அவரேதான். ஆகவே அதைச் சரிசெய்ய ஆள் அனுப்பச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை போடுவதும் அவர்தான். ‘தலைமை’ என்று இன்று மேலாண்மை வகுப்புகளில் பெரிதாகப் பேசுகிறார்களே, எமர்ஜென்சியில் அதன் அடிப்படை இவ்வளவுதான் என்பது என் எண்ணம்: நாளைக்கும் இங்கேயே வந்து நிற்கப்போகிற ஓர் ஆள்.

அதே 1961இல் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் இன்னொரு வழியை முயன்றார்கள். இருபதுக்கு மேற்பட்ட டாக்டர்கள் தங்கள் பிராக்டிஸையும் வைத்துக்கொண்டு, பகுதி நேரமாக எமர்ஜென்சியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதுவும் ஓடியது. ஆனால் பின்னால் ஒரு தனித் துறையே வளர்ந்தது முழுநேர டாக்டர்களை வைத்துத்தான்.

அறை சீர்பட்டாலும் அதற்கு வந்து சேரும் வழி சீர்படவில்லை. 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியும் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலும் வெளியிட்ட அறிக்கை ஒன்று நாட்டையே உலுக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்திருந்தார்கள். நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கம் செய்யும் நிறுவனங்கள் நடத்திவந்தன. ஆளைப் படுக்கவைத்தபடியே ஏற்றக்கூடிய நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது! பிழைத்தால் மருத்துவமனைக்கு, பிழைக்காவிட்டால் அதே வண்டியில் கடைக்கு. போர்க்களத்தில் காயம்பட்ட சிப்பாய்க்குக் கிடைக்கும் கவனிப்பு, சொந்த ஊர்ச் சாலையில் அடிபட்டவனுக்குக் கிடைப்பதில்லை என்ற கசப்பான ஒப்பீடும் அதில் இருந்தது.

1968 ஆகஸ்டில் மிச்சிகனின் லான்சிங் நகரில் எட்டு டாக்டர்கள் கூடி அமெரிக்க எமர்ஜென்சி மருத்துவர் கல்லூரியைத் தொடங்கினார்கள். பெயரில்தான் கல்லூரி, உண்மையில் அது சங்கம். ஜான் வீகன்ஸ்டீன் முதல் தலைவர். 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் எமர்ஜென்சி மருத்துவத்துக்கென்று முதல் மேற்பயிற்சி தொடங்கியது; அதில் சேர்ந்த முதல் டாக்டர் புரூஸ் ஜேனியாக்.

எனக்கு மிகவும் பிடித்தது 1971இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, எமர்ஜென்சியை ஒரு முழுத் துறையாக்கியது. அதாவது அறுவை சிகிச்சைக்கும் பொது மருத்துவத்துக்கும் இருப்பதுபோலத் தனித் தலைவர், தனிப் பட்ஜெட், கல்லூரிக் கூட்டத்தில் தனி நாற்காலி. அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்த கெயில் ஆண்டர்சன் யார் தெரியுமா? மகப்பேறு மருத்துவர்! எமர்ஜென்சி படித்தவரைத் தலைவராகப் போட அப்போது யாரும் படித்து முடித்திருக்கவில்லையே. யோசித்துப் பார்த்தால் பொருத்தமும் இல்லாமல் இல்லை. நேரம் காலம் பார்க்காமல் வருகிற நோயாளி பிரசவ வார்டுக்குப் பழக்கமானவர்தான்.

மற்ற துறைக்காரர்கள் லேசில் விடவில்லை. இதயத்துக்கு ஒரு துறை, எலும்புக்கு ஒரு துறை, உங்களுக்கென்று எந்த உறுப்பு என்று கேட்டார்கள். எமர்ஜென்சிக்காரர்களுக்கு உறுப்பு எதுவும் சொந்தமில்லை, முதல் சில மணி நேரம்தான் சொந்தம். ஸ்பெஷாலிட்டி அங்கீகாரம் தரும் வாரியம் 1977இல் அவர்கள் கோரிக்கையைப் பெரும்பான்மையோடு தள்ளிவிட்டது. 1979 செப்டம்பரில் 23ஆவது ஸ்பெஷாலிட்டியாக ஏற்றுக்கொண்டது. அப்போதும் முழு உரிமையோடு இல்லை, மற்ற துறைகளின் பிரதிநிதிகள் உள்ளே உட்கார்ந்து கண்காணிக்கும் ஏற்பாட்டோடு. அந்தக் கண்காணிப்பு நீங்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்திலும் அறை மெதுவாகத்தான் நகர்ந்தது. லீட்ஸ் மருத்துவமனையில் 1952இலேயே மாரிஸ் எல்லிஸ் கேஷுவாலிட்டிக்கென்று தனி கன்சல்டன்டாக நியமிக்கப்பட்டார். ஆனால் 1962இல் வந்த பிளாட் கமிட்டி அறிக்கை, பொறுப்பை எலும்பு மருத்துவர்களிடம் கொடுத்தால் போதும் என்ற தொனியில் பேசியது. சோதனை முறையில் முப்பதுக்கு மேற்பட்ட கன்சல்டன்ட் பதவிகளை உருவாக்க அங்கே 1970கள் பிறக்க வேண்டியிருந்தது.

நாற்காலி கிடைத்தாலும் அதிகாரம் தானாக வந்துவிடாது. மாரடைப்பு நோயாளி ஒருவர் வருகிறார். ஈ.சி.ஜி. எடுத்த உடனேயே எமர்ஜென்சி டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது: ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, அடைப்பை நீக்கும் அறையான கேத் லேபைத் திறக்க வேண்டும். பழைய வழக்கப்படி அவர் இதய மருத்துவருக்கு ஃபோன் செய்து, இதய மருத்துவர் ஈ.சி.ஜி.யைப் பார்த்துச் சொன்ன பிறகே டெக்னீஷியனும் நர்ஸும் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். இதய டாக்டரிடம் கேட்காமல் எமர்ஜென்சி டாக்டரே கேத் லேப் குழுவை வரவழைக்கலாம் என்று அனுமதித்தால் என்ன ஆகும்? 365 அமெரிக்க மருத்துவமனைகளை ஆராய்ந்து எலிசபெத் பிராட்லி குழுவினர் 2006இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் விடை எழுதினார்கள்: சராசரியாக 8.2 நிமிடம் மிச்சம். புது மெஷின் வாங்கவில்லை, புது மருந்து வரவில்லை. யார் ஃபோனை எடுக்கலாம் என்பதை மாற்றியதில் கிடைத்த எட்டு நிமிடம். அந்த அனுமதியை இதயத் துறையோடு உட்கார்ந்து பேசி வாங்குவதுதான் எமர்ஜென்சித் தலைவரின் வேலை. 1994இல் வந்த ‘ஈ.ஆர்.’ என்ற டி.வி. தொடரில் ஜார்ஜ் குளூனி நெஞ்சை அழுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சுவார்த்தை கொட்டாவியைத்தான் வரவழைக்கும்.

நம் நாட்டில் இந்த அறையின் பெயர் கேஷுவாலிட்டி. இங்கே அது முதலில் சட்டப் புத்தகத்தின் வழியாகத்தான் உயர்ந்தது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை, ‘போலீஸ் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை’ என்று ஒரு மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனார். பரமானந்த் கட்டாரா தொடுத்த அந்த வழக்கில், உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, மற்றதெல்லாம் பிறகு என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எமர்ஜென்சி மருத்துவத்தைத் தனி ஸ்பெஷாலிட்டியாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின: 2009.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு, விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கென்று வந்த ‘தாய்’ திட்டத்தில் அரசு மருத்துவமனைகளின் கேஷுவாலிட்டி, நோயாளியின் நிலை எவ்வளவு தீவிரம் என்பதைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, இலவச சிகிச்சை அறிவிக்கப்பட்டது. விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) என்ட்ரி போட்டு, நாலு தையல் போட்டு, ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ என்று அனுப்பிய பழைய கேஷுவாலிட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு தூரம் என்று புரியும்.

ஆனால் வண்டி வேகமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? எந்த எமர்ஜென்சித் துறைத் தலைவரும் காலையில் வந்ததும் முதலில் கேட்பது புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அல்ல. சிகிச்சை தொடங்கி, அட்மிஷனும் போட்டு, மேலே போக வழியில்லாமல் எத்தனை பேர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார்கள் என்பதைத்தான். பிறகு ஃபோன் பேச்சு ஆரம்பிக்கும்.

“மெடிசின் வார்டா? ராத்திரிலேர்ந்து உங்க பேஷன்ட் மூணு பேர் இங்கயே இருக்காங்கம்மா.”

“பெட் இல்ல சார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிட்டிருக்கோம். மத்தியானம் ஆயிரும் சார்.”

“எழுதறவரைக்கும் அவங்களை சேர்ல உக்கார வைம்மா, கட்டிலைக் காலி பண்ணு. இங்க ஆக்சிஜன் பாயின்ட்டு எல்லாம் நிரம்பிருச்சு.”

மேலே வார்டில் ஒரு கட்டிலும் இவருக்குச் சொந்தமில்லை. உத்தரவு போட முடியாது. கேட்கலாம், வற்புறுத்தலாம், கல்லூரி முதல்வர் அறைக்குப் போய் நிற்கலாம். இந்தப் பேச்சை முறைவைத்து வந்துபோகும் டியூட்டி டாக்டரால் பேச முடியாது. பேசினாலும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். மற்ற துறைத் தலைவர்களோடு சரிசமமாக உட்கார்கிறவர் பேசினால்தான் கட்டில் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு, இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் மேல் கோபம் வருகிறது. மருத்துவக் கல்லூரிகளில் எமர்ஜென்சி மருத்துவத் துறை கட்டாயம் என்று 2020இல் விதி செய்தவர்களே, 2023இல் கொண்டுவந்த புதிய விதிகளில் கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கேஷுவாலிட்டி இருக்கும், கட்டில் இருக்கும், நர்ஸ் இருப்பார்; தனித் தலைவர் வைப்பதும் வைக்காததும் கல்லூரியின் விருப்பம். அப்படி விட்டால் செலவைக் குறைக்கத்தான் நிர்வாகங்கள் பார்க்கும். அது தவறான முடிவு, திருத்தப்பட வேண்டும்.

உங்கள் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடுத்த முறை போகும்போது, நிர்வாக அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எமர்ஜென்சிக்கென்று தனித் துறைத் தலைவர் இருக்கிறாரா? அவர் அந்தப் படிப்பைப் படித்தவரா? இல்லை என்ற பதில் வந்தால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். புதுக் கட்டடம் கேட்டு மனு கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். இதைக் கேட்டு மனு கொடுப்பவர்கள்தான் குறைவு.