காலைக்கடனும் மின்னூசியும்



மலங்கழித்தலைக் காலைக்கடன் என்று வழங்குவது நம் மரபு. சொல்லிலேயே பொழுதும் அடங்கியிருக்கிறது. இரவில் பெருங்குடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். விழித்தெழுந்து ஆகாரம் உட்கொண்டதும் அது விசையோடு அசையத் தொடங்கும். இந்த ஒழுங்கை நாம் ஒருபோதும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாண் அறுபட்டவரோ நாள்தோறும் அதையே எண்ணவேண்டியவராகிறார். நடக்க இயலாமையைவிட இதுவே தம்மை வாட்டுகிறது என்பார் பலர். வானொலியில் பேசத்தக்க விஷயமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவ்வாறு முகஞ்சுளித்ததும் இந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதியேயாகும்.

ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியச் சுவடியொன்று, இன்று எட்வின் ஸ்மித் சுவடி எனப்படுவது, கழுத்தெலும்பு பிறழ்ந்து கைகால் உணர்விழந்து, தன்னையறியாமல் சிறுநீர் கசியும் நோயாளியை வருணிக்கிறது. சிகிச்சைக்கு உரியதன்று என்பதே அவ்வைத்தியரின் தீர்ப்பு. முதலாம் உலக மகாயுத்தம் வரையிலும் அத்தீர்ப்பு பெரிதும் மாறவில்லை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்வழித் தொற்றாலும் பெரும்பாலோர் விரைவிலேயே மாண்டனர்.

மாற்றியவர் லூட்விக் குட்மன். ஜெர்மனியில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, 1939 இல் இங்கிலாந்தை வந்தடைந்த யூத நரம்பியல் வைத்தியர். 1944 பெப்ரவரி முதலாந் திகதி ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் அவருடைய நிலையம் திறக்கப்பட்டது. அங்கே அற்புத மருந்து எதுவும் இருக்கவில்லை, கடிகாரம் இருந்தது. இரவும் பகலும் இரண்டு மணிக்கொருதரம் நோயாளி புரட்டிப் படுக்கவைக்கப்பட்டார். குடலுக்கும் இத்தகைய நேர ஒழுங்கே பராமரிப்பின் அடிப்படையாயிற்று: உணவுக்குப் பின் குறித்த வேளையில், மலவாயில் விரலாலோ குளிகையாலோ தூண்டினால், காயத்துக்குக் கீழே எஞ்சியுள்ள நரம்புகள் தாமாகவே குடலை இயக்கும். 1947 இல் குட்மனும் விட்ரிட்ஜும் மற்றொன்றையும் வெளியிட்டனர். மார்புப் பகுதியின் மேற்பாகத்திலோ அதற்கு மேலோ முண்ணாண் அறுபட்டவருக்கு, உள்ளுறுப்பு நிரம்பி விரிந்தாலே இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறிவிடும். தேங்கிய மலம் வெறும் அசௌகரியமன்று; உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடலின் கடிகாரமே குலைவதும் உண்டு. மூளையின் அடியிலுள்ள சிறு நரம்புக் கணுவொன்று பகலிரவைக் கணிக்கிறது. இரவு வந்ததென்ற அதன் செய்தி கழுத்து வழியே முண்ணாணில் இறங்கி, மார்புப் பகுதியில் வெளிப்பட்டு, மீண்டும் மேலேறிப் பீனியல் சுரப்பியை அடைந்தபின்பே மெலட்டோனின் சுரக்கும். தலைக்குள்ளேயே இருக்கும் சுரப்பிக்கு இத்தனை சுற்றுவழி! கழுத்தில் முண்ணாண் முற்றாக அறுபட்டவரிடம் அச்செய்தி சென்று சேர்வதில்லை. இரவு வந்தும் மெலட்டோனின் பெருகுவதில்லை.

இனி ஊசிக்கு வருவோம். குத்தூசி சீனருடையது, அதில் மின்சாரம் பாய்ச்சும் எண்ணமோ பிரான்சிலும் எழுந்தது. பாரிஸ் வைத்தியர் சார்லாந்தியேர் 1825 இல் கீல்வாதத்துக்கு அதனைப் பரிந்துரைத்தார். சீனாவில் 1950களில் மின்னூசி பரவலாயிற்று. மேலைநாட்டார் கவனத்தை இவ்வைத்தியத்தின்பால் ஈர்த்தவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன். 1971 ஜூலையில் பீக்கிங்கில் அவருக்குக் குடல்வால் அகற்றப்பட்டது. ஊசியாலேயே அவரை மரக்கச் செய்தார்கள் என்று பலர் இன்றும் சொல்வர், அது தவறு. வழக்கமான மரப்பு மருந்துதான் ஏற்றப்பட்டது. இரண்டாம் இரவில் வயிறு பொருமி வருந்தியபோதே முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினர்; ஒரு மணி நேரத்துள் பொருமல் தணிந்ததென்று அவர் எழுதினார். உலகறிந்த அந்தக் கதையும் குடலைப் பற்றியதே.

ஒருவர் அனுபவம் சான்றாகாது. 2016 இல் வெளியான சீன ஆய்வொன்றில், கடும் மலச்சிக்கலுற்ற 1,075 பேர் 15 வைத்தியசாலைகளில் பங்குகொண்டனர். எட்டு வாரங்களில் 28 தடவை மின்னூசி ஏற்றோரில் 31 வீதத்தினரும், போலிச் சிகிச்சை பெற்றோரில் 12 வீதத்தினரும் போதிய பயன் கண்டனர். நல்ல பேறுதான். ஆனால் அவர்கள் முண்ணாண் காயமுற்றோர் அல்லர்.

அங்கேதான் சிக்கல். விலங்குகளில் செய்த சோதனைகளில், காலில் எழும் தூண்டல் முண்ணாண் வழியே மூளைக்கேறி, வேகஸ் நரம்பினூடாக வயிற்றுக்குத் திரும்புவது காணப்பட்டது. ஏறும் வழியே அறுந்தவருக்கு அத்தூண்டல் எப்படிச் செல்லும்? ஆதலால் இடுப்படியில், திரிகவெலும்பின் துளைகள் வழியே குடல் நரம்புகள் வெளிவரும் இடத்தையொட்டிச் சிலர் ஊசி குத்துகின்றனர். இது அறிவுக்குப் பொருந்துவது. எனினும் இந்நோயாளரிடம் நடந்த ஆய்வுகள் சிறியன. உணர்வற்ற தோலில் மின்விசை மிஞ்சினாலும் நோயாளி அறியமாட்டார். மேற்பகுதிக் காயமுடையோரிடம் இரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று அருகிருந்து பார்க்கவும் வேண்டும்.

இன்றும் முண்ணாண் காயமுற்றோர் விடுதிகளில் நாள் தொடங்குவது மின்னூசியோடு அன்று. உணவு முடிந்ததும், குறித்த மணிக்கு, கையுறை அணிந்த தாதி ஒருவர் திரையை இழுத்து மூடுகிறார்.