பாங்காங் ஏரிக்கு மேலே இரண்டு வெளிச்சங்கள்

2012 ஆகஸ்ட். லடாக்கின் பாங்காங் ஏரியை ஒட்டிய தாக்குங் பகுதியிலிருந்து விசித்திரமான தகவல்கள் தலைமையகத்துக்கு வரத் தொடங்கின. சீனப் பக்கத்துத் தொடுவானத்திலிருந்து மஞ்சள் நிற ஒளி உருண்டை ஒன்று கிளம்புகிறது. மெல்ல மேலேறி, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வானில் நகர்ந்து, பிறகு மறைந்துவிடுகிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் அக்டோபர் நடுப்பகுதிக்குள் நூறு தடவைக்கு மேல் இதைப் பார்த்துவிட்டார்கள்.

ராணுவம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நடமாடும் ராடார் வந்தது, அலைவரிசைகளை ஆராயும் கருவி வந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஒளி ராடாருக்குத் தெரியவில்லை! விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. பறக்கும் பொருள்கள் தென்பட்டதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்று டிசம்பரில் பதிலளித்தார், பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி. 2013 பிப்ரவரிக்குள் ராணுவத்தின் பதிவேட்டில் 329 காட்சிகள் ஏறியிருந்தன. அவற்றில் 155, இந்திய வான்வெளிக்குள் நடந்த ஊடுருவல்களாகக் குறிக்கப்பட்டிருந்தன.

அது என்னவாக இருந்திருக்க முடியும்?

எரிகல் நொடிகளில் எரிந்து தீரும். செயற்கைக்கோள் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். காகித விளக்குக்கு அவ்வளவு நேரம் எரிய எரிபொருள் கிடையாது. சீனாவின் ஆளில்லா உளவு விமானம் என்பதுதான் பலருடைய சந்தேகம். ஆனால், உளவு பார்க்க வருவது மாதக்கணக்கில் விளக்கை ஏற்றிக்கொண்டா வரும்? ராடாரில் சிக்கவில்லை என்றதும் உலோகமில்லாத பொருள் என்று சிலர் ஊகித்தார்கள். ராடார் அலை எட்ட முடியாத தொலைவில் அது இருந்தாலும் திரையில் எதுவும் விழாது என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு!

விடை, பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திடமிருந்து வந்தது. வீரர்கள் குறித்து வைத்த நேரத்தையும் திசையையும் கோள்களின் இருப்போடு ஒப்பிட்டார்கள் அங்குள்ள வானியலாளர்கள். வெளிச்சங்கள் இரண்டு: ஒன்று வியாழன், மற்றது வெள்ளி. 2013 ஜூலையில் செய்தி வெளியானது. ஏரியின் உயரம் சுமார் 14,000 அடி. காற்று மெலிந்து, வறண்டிருக்கும். ஊர் விளக்குகளும் இல்லை. அந்த வானத்தில் ஒரு கோள் நம் ஊரில் தெரிவதைவிடப் பளிச்சென்று தெரியும்.

அந்த வருடக் கணக்கும் பொருந்துகிறது. 2012 ஜூன் 6 அன்று வெள்ளி, சூரியனின் முகத்தைக் கடந்து போனது. அதன்பின் அது விடிவெள்ளியாகி, ஆகஸ்ட் நடுவில் சூரியனிடமிருந்து மிகவும் விலகி, பொழுது விடிய வெகுநேரம் இருக்கும்போதே உதித்தது. வியாழனோ ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் முந்தி உதித்து, டிசம்பர் 3 வாக்கில் சூரியன் மறையும்போதே கிழக்கில் ஏறியது. தாக்குங்கில் நிற்பவருக்குச் சீனா இருப்பதும் கிழக்கில்தான்.

விடை சொன்ன பெங்களூர் நிறுவனத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகம்தான் அதன் மூதாதை. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874இல் இதே வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்கள் பயப்படாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்று இந்திய மொழிகளிலும் விளக்க நூல் வெளியிட்டார். அந்த மனிதரைத் தமிழ்நாடு இன்னும் கொண்டாட வேண்டும்.

வீரர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று எழுதுவது அநியாயம். 2013 ஏப்ரலில் லடாக்கின் டெப்சாங்கில் சீனப் படை கூடாரம் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட எல்லையில் ஒவ்வொரு வெளிச்சத்தையும் எழுதி வைப்பதுதான் காவல். தவிர, இருட்டில் தனியாகத் தெரியும் ஒளியை உற்றுப் பார்த்தால், அசையாததும் அசைவதாகவே கண்ணுக்குத் தோன்றும். விமானிகளே இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

நேரத்தையும் திசையையும் குறித்து ஒப்பிடும் இந்தச் சோதனையைச் சென்னைப் புறநகரான திருமுல்லைவாயிலின் மொட்டை மாடியிலும் செய்யலாம். விடிவெள்ளிக் காலத்தில் அதிகாலையில் அம்பத்தூர் பக்கம் திரும்பினால், தெருவிளக்குகளையும் மீறி வெள்ளி தெரியும். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையோ தென்னை மட்டையையோ அடையாளமாக வைத்து, கால் மணிக்கு ஒருமுறை அதன் இடத்தையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்தே ஏறினால் அது வானத்துக்குச் சொந்தம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட் என்றால் வடக்கே தெரிந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும்.

மணிப்பூரின் இம்பாலில் பின்னாளில் நடந்த இன்னொரு சம்பவத்தில், பாங்காங்கைப் போல நீண்ட பதிவு கிடைக்கவில்லை. 2023 நவம்பர் 19 பிற்பகலில் விமான நிலையத்தின் மேல் ஏதோ தென்பட, விமானப் போக்குவரத்தைச் சில மணி நேரம் நிறுத்தினார்கள். தேடிப் போன ரஃபேல் விமானங்களுக்கு எதுவும் அகப்படவில்லை. ஒரே ஒரு பிற்பகல், சில காணொளிகள். பாங்காங்கில் செய்ததுபோல வானத்தோடு பொருத்திப் பார்க்க 329 குறிப்புகள் அங்கே இல்லை.