ஊரும் பேரும்: கருவி தன் முகவரியைத் தானே அமைத்துக்கொண்ட வரலாறு

திருவனந்தபுரத்திற்கு ஆய்வுக்காக வந்த நாள்முதல் என்னிடம் மிகுதியும் கேட்கப்பட்டவை இரண்டு வினாக்கள்: ஊர் எது, பேர் என்ன? இணைய முகவரியும் இவ்விரண்டால் ஆனதே. அதில் பேரை இடுவது யார் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

தொடக்கத்தில் ஒவ்வொரு கணினியிலும் நிர்வாகியே முகவரியைத் தட்டச்சு செய்தார். 1985இல் வெளியான பூட்பி, கணினி தன் முகவரியைச் சேவையகத்திடம் கேட்டுப் பெற வழிசெய்தது. 1993இல் வந்த டி.எச்.சி.பி. முகவரியைக் குத்தகைக்கு விட்டது. இரண்டிலும் யாருக்கு எது என்ற பதிவேடு சேவையகத்திடமே இருந்தது.

சூசன் தாம்சனும் தாமஸ் நார்ட்டனும் 1996 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறை, ஐ.பி. ஆறாம் பதிப்பில் அப்பதிவேட்டின் தேவையை நீக்கியது. இன்றைய வடிவில் 128 பிட் முகவரியின் முற்பாதி ஊர். அதைத் திசைவி அறிவிக்கும். பிற்பாதி பேர், அதைக் கருவியே சூட்டிக்கொள்ளும். முன்னதாக, அப்பேர் வேறெவருக்கேனும் உண்டா என அண்டைக் கருவிகளை வினவும். மறுப்பு வராவிடில் பேர் உறுதியாகும்.

சிக்கல், பேரின் மூலத்தில் இருந்தது. தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட 48 பிட் வன்பொருள் எண்ணிலிருந்தே பேர் உருவாக்கப்பட்டது. காலையில் காரியவட்டத்திலும் மாலையில் தம்பானூரிலும் இணையும் மடிக்கணினிக்கு ஊர் மாறும், பேர் மாறாது. உரியவரைப் பின்தொடர அதுவே போதும். ஆகவே 2001 ஜனவரியில் நார்ட்டனும் ரிச்சர்ட் டிரேவ்சும் தற்காலிகப் பேர்களை முன்மொழிந்தனர். தற்போக்கில் உருவாகும் அப்பேர், இயல்பாக ஒருநாள் கழிந்ததும் புதியதற்கு இடம்விடும். வன்பொருள் எண்ணிலிருந்து நிலையான பேரை ஆக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2017இல் மற்றோர் ஆவணம் பரிந்துரைத்தது.

இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் ஆறாம் பதிப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2016இல் ஜியோ சேவை தொடங்கியபின் அம்முகவரி கோடிக்கணக்கான கைப்பேசிகளை எட்டியது. ஆனால் கைப்பேசி வலையமைப்பில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி முற்பாதியே ஒதுக்கப்படுகிறது. அதாவது, ஒரு கருவிக்கு ஓர் ஊர். எந்த ஊர் யாருடையது என்ற குறிப்பு நிறுவனத்திடம் இருக்கும். நீக்கப்பட்ட பதிவேடு வேறு வடிவில் திரும்பிவிட்டது.

பேரை நாள்தோறும் மாற்றிக்கொள்ளும் உரிமை, பலர் வாழும் ஊரில்தான் மறைவு தரும். ஒருவரே வாழும் ஊரில் ஊர்ப்பெயரே ஆட்பெயர்.