சலங்கும் கரைவலையும்

அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். நான் பிறந்து படித்தது புதுச்சேரி.

அங்கே பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்கியது குப்பத்து ஆட்கள் ஓட்டிய சலங்கு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயரையே ‘ஷெலேங்கு’ ஆக்கிக்கொண்டார்கள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு, ஆணி கிடையாது. அலை தூக்கி மணலில் அடித்தால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும். இது வளைந்து கொடுக்கும்.

1866-ல் கட்டிய கடல் பாலத்தை 1952 புயல் கொண்டுபோயிற்று. 1954-ல் இந்திய அரசு எல்லையில் கெடுபிடியை இறுக்கியது. இணைப்பு நல்லதுதான், எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பழைய சுங்கச் சலுகை போனபின் கப்பல் குறைந்தது, கூலியும் குறைந்தது. சரித்திரப் புத்தகங்களோ நவம்பர் 1-ல் கொடி மாறியதோடு நிறுத்திக்கொள்கின்றன.

குப்பம் எப்படித் தாங்கியது? கரைவலைதான். அதை ஓரிருவர் இழுக்க முடியாது. கரையில் இரு பக்கமும் பலர் நின்று கயிறு பிடிக்க வேண்டும். கயிறு பிடித்தவனுக்குப் பங்கு உண்டு, கப்பல் வேலை போனவனுக்கும்தான். வலைச் சொந்தக்காரருக்குப் பெரிய பங்கு. அதில் சண்டை வந்தால் ஊர்ப் பஞ்சாயத்தார் தீர்ப்பார்கள். மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள் பெண்கள். கூலி நின்ற வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் கூடையால்.

புதிய பாலம் கட்டி முடிந்தது 1962-ல். தைத்த சலங்கை இன்று அந்தக் கரையில் பார்க்க முடியாது.