'ரா' மாறாத பள்ளி

முதல் உலகப்போரில் பிரிட்டனுக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். எத்தனை போர் பார்த்திருந்தாலும் இந்தியச் சிப்பாய் ஏறக்கூடிய உச்சப்படி சுபேதார் மேஜர்தான். நேற்று கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார இளைஞனுக்கும் அவர் சல்யூட் வைக்க வேண்டும்.

1918இல் கதவு கொஞ்சம் திறந்தது. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் ஆண்டுக்கு 10 இந்தியர்களுக்கு இடம் என்றார்கள். போனவர்களில் கணிசமானோர் தேறவில்லை. ஆங்கிலேயப் பையன்கள் சிறு வயதிலிருந்தே விடுதிப் பள்ளியில் ஊறி வந்தவர்கள். நம் பையன்களுக்கோ பேச்சு, சாப்பாடு, குளிர் எல்லாமே புதிது. அப்படியானால் மீசை முளைக்கும் முன்பே பிடித்துப் பழக்கிவிடலாம் என்று முடிவானது.

இடம் டேராடூனில் தயாராக இருந்தது. மன்னர் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கர்சன் பிரபு 1901இல் தொடங்கிய இம்பீரியல் கேடட் கோர் இருந்த வளாகம் அது. 1922 மார்ச் 13 அன்று வேல்ஸ் இளவரசர் எட்வர்டு வந்து பள்ளியைத் திறந்துவைத்தார். மூன்று நாள் முன்புதான் காந்தியைக் கைது செய்திருந்தார்கள். இளவரசரின் வருகையைக் காங்கிரஸ் புறக்கணித்துக்கொண்டிருந்தது. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ராயல் இந்தியன் மிலிட்டரி காலேஜ்' என்று பெயர். பெயரில் காலேஜ்; உள்ளே ஆங்கிலேய விடுதிப் பள்ளியின் அச்சு.

ராஜாவுக்காகப் பழக்கிய பையன்கள் வளர்ந்தபோது ராஜாவே போய்விட்டார். 1947இல் நாடு இரண்டானது; பழைய மாணவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்த நவம்பரில் காஷ்மீரின் பட்காமில் உயிர்கொடுத்து முதல் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா இங்கே படித்தவர். 1957இல் திம்மையா இந்தியத் தரைப்படைத் தளபதியானார். அதே ஆண்டு அஸ்கர் கான் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். இருவருக்கும் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

சுதந்திரத்துக்குப் பின் பெயரிலிருந்து இளவரசர் உதிர்ந்தார். 'ராயல்' போய் 'ராஷ்ட்ரிய' வந்தது. தமிழிலும் முதலெழுத்து மாறவில்லை. ஆர்.ஐ.எம்.சி. என்ற சுருக்கமும் அப்படியே நின்றது. நூறாண்டு ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த வளாகத்துக்குள் 2022இல் மாணவிகளும் வந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கான நுழைவுத்தேர்வைத் தமிழகத்தில் நடத்துவது டி.என்.பி.எஸ்.சி.; குரூப் தேர்வுகள் நடத்தும் அதே ஆணையம். மன்னர் மகனாகப் பிறந்தால்தான் நுழையலாம் என்றிருந்த இடத்துக்கு இன்று முதற்படி ஒரு ஹால்டிக்கெட்.